எட்டுக் கங்காணிகள்

செப்டம்பர் 9, திங்கள்

இன்று இருந்தவர்கள்: ஆவுடையம்மாளாகிய நான். என் மகள் கோமதி. பக்கத்து வீட்டு மன்ஜீத் கௌர், காலையில் தன் காரிலிருந்து ஒயர் கொடுத்து எங்கள் வண்டியைக் கிளப்பிவிட்டு, வழியில் நின்றுவிடும் என்று பயந்து கூடவே வந்தவள். புகை சோதிக்கும் கடைக்காரர் எர்னஸ்டோ. கடை வாசலில் ஒரு கிழட்டு நாய். அதன் பேரைக் கேட்கவில்லை.

ஒரு காரியம் நடந்தால் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிட வேண்டும். பின்னால் யாரும் மாற்றிப் பேச முடியாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஐந்து வகுப்பு டீச்சர்மார் பேரும் எனக்குத் தெரியும். அதில் இரண்டு பேரை இன்னும் மன்னிக்கவில்லை.

வண்டி கோமதி சொந்தமாக வாங்கியது. இருபத்தோரு வருஷப் பழசு. பால் நிறம். அந்த நிறத்தின் சரியான பேரை நான் சொல்வதும் இல்லை, எழுதுவதும் இல்லை. இவள் அப்பா பேரில் அது இருக்கிறது. அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகியும் என் வாயில் வரவில்லை. மே மாதம் இங்கே வந்து இறங்கியபோது ஏர்போர்ட்டில் ஒரு ஆபீசர் வீட்டுக்காரர் பேர் கேட்டார். பாஸ்போர்ட்டைத் திருப்பி விரலை வைத்துக் காட்டினேன். ஊமை என்று நினைத்திருப்பார்.

இந்த மாதம் முப்பதாம் தேதியோடு வண்டியின் பதிவு முடிகிறது. புகைச் சோதனையில் தேறினால்தான் புதுப்பித்துத் தருவார்கள். அக்டோபர் ஒன்றாம் தேதி கோமதிக்கு மொடெஸ்டோவில் ரத்தம் சோதிக்கிற கூடத்தில் வேலை. காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். நாங்கள் இருக்கிற ஸ்டாக்டனிலிருந்து அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. வண்டி இல்லை என்றால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் இந்த இரண்டு அறை வீடும் இல்லை. பிறகு ஃப்ரிமாண்ட்டுக்கு, அவள் வீட்டுக்காரர் முகுந்தனிடமே திரும்ப வேண்டியதுதான். ஏப்ரலில் அங்கிருந்து ஒரு பையோடு வந்தவள். ஏன் வந்தாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

எர்னஸ்டோ ஸ்டீரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் செருகிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். புகையில் ஒரு குற்றமும் இல்லையாம். ஆனால் வண்டிக்குள் எட்டு மானிட்டர் இருக்கிறதாம். மானிட்டர் என்றால் என்ன என்று கேட்டேன். கோமதி யோசித்துவிட்டு, "கண்காணின்னு வச்சுக்கோயேன்" என்றாள். கங்காணியா, சரி. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் நாங்கள் குச்சி அடுக்கும்போது முதுகுக்குப் பின்னால் நிற்பவனைப் போல. அந்த எட்டுப் பேரும் வண்டி ஓடுகிறதைப் பார்த்து, பார்த்தாயிற்று என்று சொன்னால்தான் சோதனையே. ஒருவருக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்ற ஏழு பேரும் சொல்லியாக வேண்டும். பேட்டரி செத்ததால் எல்லோருக்கும் எல்லாம் மறந்து போயிற்றாம். முதலிலிருந்து பார்க்க வேண்டுமாம்.

ஒரு ஒயரில் மின்சாரம் நின்றால் மறந்துவிடுகிற கங்காணி என்ன கங்காணி.

செப்டம்பர் 10, செவ்வாய்

எர்னஸ்டோ எழுதிக் கொடுத்த பத்தியம், கோமதி வாசித்துச் சொன்னபடி:

பெட்ரோல் கால் தொட்டிக்கு மேல் இருக்க வேண்டும், முக்கால் தொட்டிக்குக் கீழ் இருக்க வேண்டும். ராத்திரி முழுக்க நின்று ஆறிய வண்டியாக இருக்க வேண்டும். காலையில் கிளப்பி ஐந்து நிமிஷம் நின்ற இடத்திலேயே உறும விட வேண்டும். பிறகு ஊருக்குள் நின்று நின்று போக வேண்டும். பிறகு பெரிய ரோட்டில் ஐம்பத்தைந்து மைல் வேகத்தில் கால் மணி நேரம், கூட்டாமல் குறைக்காமல். பிறகு பிரேக்கைத் தொடாமல் காலை மட்டும் எடுத்து, வண்டி தானாகவே இருபதுக்கு இறங்க வேண்டும். இப்படி நாலைந்து நாள்.

பிள்ளை பெற்றவளுக்குக்கூட எங்கள் ஊரில் இத்தனை பத்தியம் இல்லை.

பேட்டரி மறுபடி சாகாமல் இருந்தால் போதும் என்று கோமதி இரண்டு தடவை சொன்னாள். நிற்கிற வண்டி பேட்டரியைக் குடிக்கும். எனக்குத் தெரியாததா? நான் வேன்காரர் பெண்டாட்டி. சாயங்காலம் வண்டிக்கு என்னால் ஆனதைச் செய்துவிட்டு வந்து ரசம் வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு ஆயிரம் கவலை.

செப்டம்பர் 11, புதன்

நாலரைக்கு எழுந்து, வண்டியைப் பார்த்துவிட்டு வந்து காபி போட்டேன். ஆறு மணிக்குக் கிளம்பினோம். வண்டியில் இருக்கிற கடிகாரம் தப்பாகக் காட்டுகிறது என்று கோமதி சரி பண்ணினாள்.

பெரிய ரோட்டில் எல்லோரும் எழுபது எண்பதில் போக, நாங்கள் ஐம்பத்தைந்தில். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டினார்கள். ஒருவன் கையை நீட்டி என்னமோ காட்டினான். அவன் லாரியின் கடைசி நாலு நம்பரை மனதில் வைத்திருக்கிறேன். 

இரண்டு பக்கமும் பாதாம் தோப்பு. மரத்தை இயந்திரம் பிடித்து உலுக்குகிறது. ஒரே தூசி. தோப்புக்கு நடுவே ஆளில்லாத ரோட்டில் கோமதி காலை எடுத்தாள். வண்டி தானாக இறங்கியது, ஐம்பது, நாற்பது, முப்பது. பிரேக்கைத் தொடக்கூடாது என்பதால் அவள் பாதத்தை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். "யம்மா, நீ மூச்சு விடலாம், அதுக்குக் கங்காணி கெடையாது" என்றாள்.

இந்த ஊருக்கு நான் வந்த பிறகு அவள் சொன்ன முதல் கேலிப் பேச்சு.

செப்டம்பர் 12, வியாழன்

அதே போல். கடிகாரம் மறுபடியும் தப்பு. கிழட்டு வண்டி, அதுக்கும் புத்தி பேதலித்துவிட்டது என்றாள். முழங்கால் வலி.

செப்டம்பர் 13, வெள்ளி

காலையில் ஓட்டம் முடிந்தது. மத்தியானம் மன்ஜீத் முள்ளங்கி ஊறுகாய் கொண்டுவந்தாள். எனக்கு அவள் பேச்சும் அவளுக்கு என் பேச்சும் தெரியாது. ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். 

இவள் அப்பாவைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். தீப்பெட்டி ஆபீசுக்குச் சுற்றுக் கிராமத்துப் பெண்பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேன் வைத்திருந்தார். வண்டியை நிறுத்தினால் முதல் வேலை, பேட்டரி ஒயரைக் கழற்றுவது. கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். தெருவில் எல்லோரும் மெச்சுவார்கள், வண்டியை அவர் மாதிரி வைத்துக்கொள்ள யாரால் முடியும் என்று. நானும்தான் சொல்லியிருக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், 2021 ஜூலை நாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கோமதி ஃப்ரிமாண்ட்டிலிருந்து போன் பண்ணினாள். நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். முகுந்தன் வெளியே போகும்போது தன் காரின் பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறார் என்றாள். நான் சொன்னேன், வண்டி மேல் அக்கறை உள்ள மனுஷன், உங்கப்பா மாதிரி. அவள் சரிம்மா என்று போனை வைத்துவிட்டாள். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

ஏன் இதை எழுதினேன் என்று தெரியவில்லை. அரிசி ஊறப் போட வேண்டும்.

செப்டம்பர் 16, திங்கள்

எர்னஸ்டோ பார்த்தார். எட்டுப் பேரில் ஐந்து பேர் இன்னும் பார்க்கவில்லையாம். இன்னும் ஓட்டுங்கள் என்றார். நாயின் பேர் சாம்பியன்.

செப்டம்பர் 18, புதன்

ஓட்டம். கோமதி கண்ணுக்குக் கீழே கருத்துவிட்டது. விதியே என்று ஐம்பத்தைந்தில் போகிறோம். கடிகாரத்தைச் சரி பண்ணுவதை விட்டுவிட்டாள்.

எனக்கும் அலுப்பு. காலையிலும் சாயங்காலமும் அந்த மூடியைத் தூக்கிப் பிடிக்க என் தோள் இடம் கொடுக்கவில்லை. ஆனாலும் ஒரு நாள்கூடத் தவறவில்லை. பேட்டரி சாகவில்லை பார், ஒரே உதையில் கிளம்புகிறது.

செப்டம்பர் 21, சனி

இன்று இருந்தவர்கள்: நான், கோமதி, எர்னஸ்டோ, சாம்பியன்.

எர்னஸ்டோ ஒயரைச் செருகினார். பார்த்தார். கழற்றி மறுபடி செருகினார். பிறகு கோமதியைத் தனியாகக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். கங்காணிகள் எல்லாவற்றையும் மறந்து ஒன்பது மைல்தான் ஆகிறது என்று அதில் இருக்கிறதாம். ஒன்பது மைல் என்றால் வீட்டிலிருந்து ஊருக்குள் சுற்றிக் கடை வரைக்கும். முன் மூடியைத் திறந்து பேட்டரியைத் தொட்டுப் பார்த்தார். முனையில் பிடித்திருக்கிற கிளாம்பு லொடலொடவென்று ஆடியது. யாரோ இதைத் தினமும் கழற்றி மாட்டுகிறார்கள் என்றாராம். கோமதி எனக்கு இதையெல்லாம் உடனே சொல்லவில்லை. வண்டியில் ஏறிக் கதவைப் பூட்டி, இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, கிளப்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

பிறகுதான் சொன்னாள்.

"அவன் வந்துட்டுப் போறாம்மா. வீட்டக் கண்டுபிடிச்சிட்டான்."

யார் என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"ஃப்ரிமாண்ட்ல இதத்தான் செஞ்சான். நான் எங்கயும் போகக் கூடாதுன்னு நெனச்ச அன்னைக்கெல்லாம் ஒயரக் கழட்டிருவான். திரும்பி வந்து அவனே மாட்டிட்டு, ஏன் இன்னைக்கு வேலைக்குப் போகலன்னு கேப்பான். மூணு வேல அப்படிப் போச்சு எனக்கு. இப்பம் இங்கயும் வந்துட்டான்."

எனக்குச் சொல்ல வாய் வந்தது. வார்த்தையும் வந்தது. அதற்குள் வண்டி கிளம்பியது, சிக்னல் விழுந்தது, வீடு வந்தது, அடுப்பில் ஏதோ இருந்தது.

அடுப்பில் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

ஜன்னல் திரைகளை எல்லாம் இழுத்துவிட்டாள். கதவுக்கு நாற்காலி முட்டுக் கொடுத்தாள். மன்ஜீத்திடம் என்ன சொன்னாளோ, அவள் மகனுடைய ஹாக்கி மட்டையைக் கொண்டுவந்து வாசலில் சாத்தி வைத்துவிட்டு என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

கோமதி இரண்டு நாளாகச் சோறு தின்னவில்லை. தயிர் மட்டும். வேறு ஊருக்குப் போய்விடலாமா என்று போனில் யாரையோ கேட்டாள். பிறகு பையை எடுத்து வெளியே வைத்தாள். ஏப்ரலில் கொண்டுவந்த அதே பை. வாசலில் கார் ஏதாவது நின்றால் பேச்சை நிறுத்தி ஜன்னல் பக்கம் திரும்புகிறாள். 

நேற்றுச் சாயங்காலத்திலிருந்து நான் வண்டியைத் தொடவில்லை.

செப்டம்பர் 23, திங்கள்

இன்று இருந்தவர்கள்: நானும் என் மகளும்.

காலை ஏழு மணிக்கு மேஜையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டேன். மொடெஸ்டோ வேலைக்கு வரவில்லை என்று எழுதுகிறேன், வண்டியும் தேறாது, இந்த வீடும் ஆகாது என்றாள். எழுதி முடித்து, ஒரு தடவை வாசித்தாள். பொத்தான் மேல் விரலை வைத்தாள்.

"அனுப்பாத ஏட்டி. அது நாந்தான்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். சாயங்காலம் கொக்கியில் தொங்குகிற சாவியை எடுத்து, முன் மூடியைத் திறந்து, கருப்பு ஒயரின் கிளாம்பைத் திருகிக் கழற்றி ஒரு துணியைச் சுற்றி வைப்பேன், விடியற்காலம் மாட்டிவிடுவேன், பேட்டரி சாகக்கூடாது என்றுதான், உனக்குத் தெரிந்தால் இந்த வயதில் ஏன் இதெல்லாம் என்று திட்டுவாய் என்றுதான் சொல்லவில்லை என்றேன்.

கோமதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடிபடத் தயாராக இருந்தேன். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தலையை மேஜை மேல் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அது எப்போது சிரிப்பிலிருந்து மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

"நீயாம்மா. ரெண்டு நாளா நான் செத்துட்டேன். ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

முந்தானையை நீட்டினேன். துடைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தாள்.

"இதெல்லாம் எங்க படிச்ச?"

"உங்கப்பா பழக்குனதுதான்."

"அப்பா பேட்டரிக்காகக் கழட்டலம்மா."

"தெரியும்."

"எப்பம் இருந்து தெரியும்?"

"அன்னைக்கே தெரியும்."

"பின்ன ஏன் எங்கிட்ட அப்படிச் சொன்ன? அக்கறை உள்ள மனுஷன்னு?"

கம்ப்யூட்டரை மூடினாள். எழுதியதை அனுப்பவில்லை. திரையை ஒதுக்கிவிட்டாள். ஹாக்கி மட்டையைத் திருப்பிக் கொடுக்க அவள் போனபோது நான் முற்றமில்லாத இந்த வீட்டில் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் குளிக்கிற அறையில் உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

ஓட்டம். நேற்று கோமதி சரி பண்ணி வைத்த கடிகாரம் சரியாகவே இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

செப்டம்பர் 25, புதன்

ஓட்டம். நான் வரவேண்டாமா என்று கேட்டேன். ஏறு என்றாள்.

செப்டம்பர் 26, வியாழன்

தோப்பு ரோட்டில் காலை எடுத்து வண்டி இறங்கிக்கொண்டிருந்தது. சூரியன் நேராகக் கண்ணாடியில் அடித்தது. எதிரே பாதாம் ஏற்றின லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. ஒன்றும் தெரியவில்லை. பிரேக்கை மிதித்தால் அன்றைய ஓட்டம் வீண். வண்டி மெல்ல லாரிப் பக்கம் ஒதுங்கியது.

"வெள்ளக் கோட்டப் பாத்து ஓட்டு ஏட்டி, ஓரத்துல, வெள்ளக் கோடு!"

கோடு தெரிந்தது. லாரி போயிற்று. வண்டி இருபதுக்கு இறங்கியது. கோமதி ஓரமாக நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். நாற்பது வயதில் இன்றுதான் அந்த வார்த்தையை என் வாயால் கேட்கிறாள். 

"யம்மா, பேரச் சொல்லிட்டியே" என்றாள்.

பாதிப் பேர்தானே என்றேன்.

செப்டம்பர் 28, சனி

இருந்தவர்கள்: நான், கோமதி, மன்ஜீத், எர்னஸ்டோ, சாம்பியன்.

எட்டுப் பேரில் ஏழு பேர் பார்த்தாயிற்று என்று சொல்லிவிட்டார்கள். எட்டாவது பெட்ரோல் ஆவியைப் பார்க்கிறவனாம், அவனுக்குத்தான் விலக்கு. வண்டி தேறிவிட்டது. எர்னஸ்டோ ஒரு வெள்ளைத் தாளை அச்சடித்துக் கொடுத்தார். கோமதி அதை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு ஓட்டினாள். செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்குக் கிளம்புவாள். நான் நாலு மணிக்கு இட்லி ஊற்ற வேண்டும்.

வீட்டுக்கு வந்து சாவியைக் கொக்கியில் மாட்டினாள். பிறகு எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அது எனக்கு வலித்தது. நியாயம்தான்.

அவள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. கேட்டு ஐந்து நாள் ஆகிறது. இந்த நோட்டில் இடம் இல்லை என்று எழுதப் பார்த்தேன். டிசம்பர் வரைக்கும் பக்கம் இருக்கிறது.

1978, நவம்பர் 16, வியாழக்கிழமை. இருந்தவர்கள்: நான், என் தம்பி சங்கரலிங்கம், எதிர்வீட்டுத் தாயம்மாள். கழுகுமலையில் என் அம்மாவுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது என்று ஆள் வந்தது. மூன்று நாளாகப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன், நாளைக்குப் பார்ப்போம் என்பார் இவள் அப்பா. அன்றைக்கு அவர் சாத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். வேன் வாசலில் நின்றது. தம்பிக்கு ஓட்டத் தெரியும். உட்கார்ந்து சாவியைத் திருகினான். உயிர் இல்லை. மூடியைத் தூக்கினால் ஒயர் இல்லை. அது சாத்தூரில், சட்டைப் பைக்குள், பந்தியில் உட்கார்ந்திருந்தது. பத்து மணி பஸ் போய்விட்டது. இரண்டு மணி பஸ்ஸில் போனோம். அம்மாவுக்கு வாயைக் கட்டிவிட்டிருந்தார்கள்.

சாயங்காலம் அவர் மாலையோடு வந்தார். பேட்டரி திருட்டு அதிகமாகிவிட்டது, அதனால்தான் என்று சங்கரலிங்கத்திடம் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்த்தார், நான் என்ன சொல்கிறேன் என்று. நான், ஆமாம், வண்டி மேல் அவருக்கு அக்கறை என்றேன். செத்த வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னேன். 

மறுநாளிலிருந்து, வேனை அவர் விற்கும் வரைக்கும் ஆறு வருஷம், ஒயரைக் கழற்றுவது என் வேலை ஆயிற்று. நானே கழற்றி, துணியில் துடைத்து, அவர் கையில் கொடுப்பேன். அவர் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். கை பழகிவிட்டது. நாற்பத்தாறு வருஷம் கழித்து, வேறு தேசத்தில், இருட்டிலும் தவறாமல் அந்தக் கிளாம்பைக் கண்டுபிடிக்கிற அளவுக்குப் பழகிவிட்டது. வாயும் அப்படித்தான். மகள் போனில் அழுதபோது (அவள் அழுததை முன்னால் நான் எழுதவில்லை) அதுவாகவே சொல்லிவிட்டது.

இதைத்தான் நாளைக் காலையில் அவளிடம் வாசித்துக் காட்டப் போகிறேன். என் எழுத்து அவளுக்குப் புரியாது.

இந்த ஊரில் கையை நீட்டிக் காட்டிய லாரிக்காரனை விட்டுவிட்டேன். அந்த இரண்டு டீச்சர்மாரையும் விட்டுவிட்டேன், அவர்களும் போய்ச் சேர்ந்திருப்பார்கள். முகுந்தனை என்ன செய்வது என்பது கோமதி முடிவு செய்ய வேண்டியது. என்னை என்ன செய்வது என்பதும் அவள்தான்.

நான் மன்னிக்காத ஆள் ஒருவர்தான். பேர் வெள்ளைச்சாமி.